பி 0171

முதுநகர் மணிக்கூண்டைத் திரும்பும்போது
முதன்முதலாக எரிந்தது,
எஞ்சின் படம் போட்ட அந்தச் சின்ன மஞ்சள் விளக்கு.
வாங்கி எட்டு மாதம்.
பாண்டி நெல்லித்தோப்பில் ஒருவர் வைத்திருந்த
பதினாலு வருஷத்து வெள்ளை சான்ட்ரோ.
சத்தம் இல்லை, சூடு இல்லை, ஓடத்தான் செய்தது.
"பல்பு கோளாறா இருக்கும்" என்றார் தணிகாசலம்,
வீட்டில் எது எரிந்தாலும் சொல்வதுபோல.

இருதயராஜ் ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு
தீப்பெட்டி அளவு ஒன்றைச் செருகினார்.
அவர் போனில் வந்து நின்றது
பி 0171.
"லீன் மேடம். காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி."
ஆக்சிஜன் சென்சார் மாற்றினோம், மூவாயிரத்து நானூறு.
அழித்தார். அணைந்தது.
நாலாம் நாள் கெடிலம் பாலத்தின் நடுவில்
மாத்திரையை நிறுத்தியதும் ஏறும் சர்க்கரைபோலத்
திரும்ப வந்தது.

பிறகு பிளக். பிறகு பெட்ரோல் ஃபில்டர்.
பிறகு, முள்ளோடை தாண்டிப் போய்
மிச்சம் பிடிக்கப் போட்ட பாண்டி பெட்ரோல்மேல் பழி.
முதலில் போட்ட சென்சார் டூப்ளிகேட் என்று
இரண்டாவது சென்சார்.
பதினைந்து கொடுத்த வண்டி பதினொன்றுதான் கொடுத்தது.
கைப்பையில் இருந்த அட்டையிலிருந்து
மெரூன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பிய்த்து
விளக்கின் மேல் ஒட்டினேன்.
இரவில் அதன் ஓரம் மட்டும் ஒளிர்ந்தது.

பெரியாஸ்பத்திரி லேபில் பதினேழு வருஷமாய் இருக்கிறேன்.
"நம்பர் நோய் இல்லைம்மா, டாக்டரைப் பாருங்க" என்று
ஜன்னல் வழியே தினம் நாற்பது பேரிடம் சொல்கிறவள்.

அந்தப் புதன்கிழமை
நாலாம் வார்டிலிருந்து வந்த ரத்தத்தில் சர்க்கரை அறுநூற்றுத் தொண்ணூறு.
மறுபடி ஓட்டினேன். அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
போன் போட்டு, எந்தக் கையில் எடுத்தீர்கள் என்றேன்.
புதுப் பயிற்சிப் பெண் யோசித்தாள்.
குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்த கையிலேயே.
அடுத்த கையில் எடுத்து வந்தாள்: நூற்றுப் பதினெட்டு.

மிஷின் இரண்டு தடவையும் சரியாகத்தான் சொன்னது.

டியூட்டி முடிந்து வண்டியில் உட்கார்ந்து
சாவி போடாமலே
இருதயராஜுக்கு அடித்தேன்.
"அந்த சென்சார் மோந்து பாக்கிற இடத்துல
வேற ஏதாவது வந்து கலக்குமா?"
அந்தப் பக்கம் ஸ்பேனர் ஒன்று விழும் சத்தம்.
"நாளைக்கு ஆறவச்சுக் கொண்டாங்க" என்றார்.

அவர் மனைவியின் தூபக்கால்,
மகளின் ஹேர் டிரையர் சூடு இல்லாமல்,
கிழிந்த டியூப் ஒரு முழம்.
சைலன்சர் வாயை ஈரத்துணியால் அடைத்து
சாம்பிராணிப் புகையை உள்ளே ஊதினார்.
கடைப்பையன் தும்மினான்.
பானெட்டுக்குள் டார்ச் அடித்துக் காத்திருந்தோம்.
மேனிஃபோல்டும் பைப்பும் சேரும் வாயில்,
தேவனாம்பட்டினத்து உப்பு அரித்த பக்கம்,
ஒரு மயிரிழை
எழுந்தது, வளைந்தது, எழுந்தது.

தெருக் காற்று அங்கே நுழைய,
அதை மோந்த சென்சார்
பசி என்று எழுதிக் கொடுக்க,
நம்பி ஊட்டியிருக்கிறது கம்ப்யூட்டர்
நிறைந்த வயிற்றுக்கு, ஐந்து மாதம்.
பழைய இரண்டு சென்சாரும்
அவர் மேஜை இழுப்பறையில்
ஒரு குற்றமும் செய்யாமல் கிடந்தன.

கேஸ்கெட் இருநூற்று எண்பது. வெல்டிங் நானூறு.
கூட்டிப் பார்க்கவில்லை.

பொட்டை எடுத்துவிட்டேன்.
பசை வட்டமாய் நின்றுவிட்டது,
அதில் தூசி ஒட்டுகிறது.
சாவியை முதல் திருகில் நிறுத்தினால்
எல்லா விளக்கோடும் அதுவும் எரியும்.
எரிய வேண்டும், அதுதான் முறை என்கிறார் இருதயராஜ்.
எஞ்சின் எடுத்ததும் அணையும்.
அதுவரை இரண்டு நொடி
காலை எங்கே வைத்திருக்கிறேன் என்றே தெரிவதில்லை.

நேற்று தணிகாசலம் ஏறி உட்கார்ந்து
மூக்கை உறிஞ்சினார்.
"வண்டிக்குப் பூஜை போட்டியா?"
போட்டேன் என்றேன்.